குறும்பைரியா, குட்டி வல்லூறா?

வணக்கம் நண்பர்களே,

ஆப்பிரிக்காவின் சிறு வேட்டைப் பறவையான போலிஹையராக்ஸ் செமிடார்குவாட்டஸுக்கு (ஆங்கிலத்தில் Pygmy Falcon) 'குட்டி வல்லூறு', 'செம்முதுகு வல்லூறு' என்ற இரு தமிழ்ப் பெயர்கள் பரிந்துரையாக வந்துள்ளன. இரண்டையும் ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் 'செம்முதுகு'. பெண்ணின் முதுகுதான் செம்பழுப்பு. ஆணின் முதுகு சாம்பல். பாதிப் பறவைகளுக்குப் பொய்யாகும் பெயர் களத்தில் உதவாது. இரண்டுக்கும் அடிப்பக்கம் வெள்ளை, பிட்டமும் வெள்ளை, கால் சிவப்பு, கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல். கருஞ்சிறகிலும் வாலிலும் வெண்புள்ளிகள். நீளம் 20 செ.மீ.க்குள், எடை ஏறக்குறைய 60 கிராம். மைனாவைவிடச் சிறியது. முள்மர உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் கீச்சான் குருவி என்றே தோன்றும். அலகும் ஏமாற்றும், ஏனெனில் வளைந்த நுனியும் மேலலகின் ஓரத்துப் பல்லும் கீச்சானுக்கும் உண்டு.

'குட்டி' விலங்கின் இளசைச் சொல்வது; குஞ்சு என்று படிப்பவர் மயங்குவார்.

பெரிய சிக்கல் 'வல்லூறு'. நம் பறவை நூல்களில் அது சிக்ரா என்ற வேறொரு வேட்டைப் பறவைக்கும் வழங்குகிறது. சிக்ரா பருந்து, கழுகுகளின் வரிசை. நம் ஆப்பிரிக்கப் பறவையோ ஃபால்கன் என்ற வேறு வேட்டைப் பறவைக் குடும்பம். 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு, ஃபால்கன்களைப் பருந்துகளிடமிருந்து பிரித்து, கிளிகளுக்கும் குருவியினங்களுக்கும் அருகே வைத்தது. ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்தால் அந்தப் பிரிவு தமிழில் காணாமல் போகும். ஆகவே ஃபால்கனுக்குப் 'பைரி', இதற்குக் 'குறும்பைரி'. ஆசியாவின் மைக்ரோஹையராக்ஸ் என்ற ஃபால்கன் பேரினம் இதைவிடச் சிறியது; அதற்கு 'நுண்பைரி'.

*

ஐயா, குறும்பைரி நன்று. ஒரு தயக்கம்: பைரி இப்போது ஷாஹீன் என்ற ஒரு ஃபால்கனுக்கு வழங்குகிறது. பொதுப்பெயராக்கினால் ஷாஹீனுக்கும் ஓர் அடைமொழி தேவைப்படும். சங்கப் பாட்டில் வரும் 'எழால்' கைவசம் இருக்கிறது. ஆனால் அது எந்த இனம் என்று உறுதியாகக் கொள்ள முடியாததால் நானும் பைரியையே ஏற்கிறேன்.

'கூடுகவர் பைரி' என்று பெயரிடலாமா எனத் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். அது பொருந்தாது, ஏனெனில் முழுக்கூட்டையும் இது எடுத்துக்கொள்வதில்லை. தெற்கு ஆப்பிரிக்காவின் கலகாரி வறள்நிலத்தில் இது நேசத் தூக்கணாங்குருவிகளின் பெருங்கூட்டில் ஓர் அறையில் குடியிருக்கும். மற்ற அறைகளில் குருவிகள் வாழும். பைரி இருக்கும் அறையின் வாய் எச்சத்தால் வெளுத்திருக்கும், கீழிருந்தே கண்டுபிடிக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் வெண்தலை எருமைக்குருவியின் கூட்டைப் பயன்படுத்துகிறது. அங்குள்ளது காஸ்டனோநோட்டஸ் துணையினம். இந்தச் சொல்லுக்கே 'செம்முதுகு' என்றுதான் பொருள். 'செம்முதுகு வல்லூறு' என்ற பரிந்துரை அங்கிருந்து வந்திருக்கலாம். அந்தத் துணையினத்தைக் 'கிழக்குக் குறும்பைரி' என்போம், தெற்கில் உள்ளதைத் 'தெற்குக் குறும்பைரி' என்போம்.