ஆரணிப் பெரிய வீடு (குடும்பக் குழு உரையாடல்): பட்டுப் புடவையில் கொட்டிய பாகு

சனிக்கிழமை, காலை 7.40

ஆரணி சித்தி: எல்லோருக்கும் வணக்கம். கனடாவிலிருந்து வியாழக்கிழமை இரவு வந்து சேர்ந்தோம். அசதியில் பெட்டியை இன்றுதான் திறந்தேன். திறந்ததும் வயிறு எரிகிறது. மகள் கொடுத்தனுப்பிய மேப்பிள் பாகு அரக்குப் பட்டு முழுவதும் கொட்டிக் கிடக்கிறது.

குடியாத்தம் பெரியம்மா: ஐயோ, பேரனைத் தொட்டிலில் போட்ட அன்று கட்டியிருந்தாயே, அந்தப் புடவையா? உடனே பச்சைத் தண்ணீரில் போடு. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரையில் அலசு. வெந்நீர் பக்கமே போகாதே, ஜரிகை கெட்டுவிடும்.

செல்வி: சித்தி, தயவுசெய்து இன்னும் தண்ணீரில் போடாதீர்கள்! முதலில் படம் எடுங்கள். பெட்டி திறந்தபடி ஒன்று, பாட்டில் ஒன்று, புடவை விரித்தபடி ஒன்று.

குடியாத்தம் பெரியம்மா: படம் எடுத்து என்ன செய்யப் போகிறாய்? கறை ஏறிவிடும்.

செல்வி: அலசிவிட்டால் இழப்பீடு கேட்பதற்கு ஆதாரம் ஒன்றும் இருக்காது பெரியம்மா. இரண்டு நாள் காய்ந்த கறை இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கும்.

ஆரணி சித்தி: எடுத்துக்கொண்டிருக்கிறேன். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அட்டைபோல் இருக்கின்றன. முந்தானையைப் பிரித்தால் சரசரவென்று சத்தம் வருகிறது. எறும்பு வேறு வந்துவிட்டது.

பிரபு: பாட்டில் உடைந்திருக்கிறதா சித்தி?

ஆரணி சித்தி: உடையவில்லை. மூடி கோணலாக நிற்கிறது. மகள் இரண்டு ஜிப் உறையில் போட்டு, துண்டில் சுற்றி, ரப்பர் மாட்டிக் கொடுத்தாள். உறை இரண்டும் காலியாகப் பக்கப் பையில் கிடக்கின்றன. துண்டு பெட்டியின் அடியில். மேலே ஓர் அச்சடித்த அட்டை, பாதுகாப்புச் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்து பார்த்தோம் என்று.

ராணிப்பேட்டை மாமா: அந்த அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆனால் அதை நம்பியும் இருக்காதீர்கள். திறந்தோம் என்றுதான் எழுதியிருப்பான், கெடுத்தோம் என்று எந்த ஊரிலும் எழுதமாட்டான். தோல் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஊர் போயிருக்கிறேன்! விமான நிறுவனத்தைக் கேட்டால் நாங்கள் திறக்கவில்லை என்பார்கள். சோதனைக்காரரைக் கேட்டால் நீங்கள் மூடியைச் சரியாகத் திருகவில்லை என்பார்கள்.

செல்வி: அதனால்தான் மாமா, இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும். ஒருவரின் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னொருவரின் கெடு ஓடிவிடும்.

ஆரணி சித்தப்பா: கெடு எவ்வளவு?

செல்வி: பன்னாட்டுப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சித்தப்பா. இந்தியா 2009இல் சேர்ந்தது, கனடாவும் அதில் இருக்கிறது. ஏற்றிவிட்ட பெட்டியில் சேதம் என்றால், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால் 21 நாள். சித்திக்கு வியாழன் இரவு வந்தது, ஆக அடுத்த வியாழன் வரை காத்திருக்காதீர்கள். இன்றே அனுப்பிவிடலாம்.

பிரபு: விமான நிலையத்திலேயே பி.ஐ.ஆர். என்று, பெட்டிக்கு என்ன ஆனது என்று பதியும் ஒரு படிவம் எழுதித் தருவார்களே?

செல்வி: ஆமாம், பெல்ட்டிலிருந்து எடுத்ததும் அங்கேயே எழுதி வாங்குவதுதான் மிக நல்லது. இவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அதனால் உரிமை போய்விடாது, மின்னஞ்சல் போதும். டிக்கெட், போர்டிங் அட்டை, பெட்டியில் ஒட்டிய சீட்டின் எண், படங்கள், அந்த அட்டை, எல்லாம் சேர்த்து. சித்தி, பெட்டிச் சீட்டைக் கிழித்தீர்களா?

ஆரணி சித்தி: கைப்பிடியிலேயே இருக்கிறது. கிழிக்கத்தான் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தேன்.

ராணிப்பேட்டை மாமா: நல்லவேளை.

ஆரணி சித்தப்பா: எவ்வளவு கிடைக்கும் என்று இவள் கேட்கிறாள்.

செல்வி: உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர்., 2024 டிசம்பர் 28 முதல். அது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வரும். ஆனால் அது வரம்புதான், எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கும் தொகை அல்ல. புடவையின் மதிப்பை நாம் காட்ட வேண்டும். பில் இருக்கிறதா?

ஆரணி சித்தப்பா: நம் வீட்டுத் தறியில் நான் நெய்தது. எனக்கு நானே பில் போட்டுக்கொள்வேனா?

(சிரிப்புப் படங்கள்)

குடியாத்தம் பெரியம்மா: அதுதான் கேட்கிறேன், கூலியும் பாவும் ஜரிகையும் சேர்த்தால் கடைக்காரன் சொல்லும் விலையைவிட அதிகம்தானே?

செல்வி: நூலும் ஜரிகையும் வாங்கிய ரசீது இருக்குமே சித்தப்பா? அதோடு, இதே எடை, இதே ஜரிகை உள்ள புடவைக்குக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் விலை எழுதி வாங்குங்கள். தொட்டில் அன்று எடுத்த தேதி போட்ட படமும் வேண்டும், புடவை அன்று நன்றாக இருந்தது என்று காட்ட.

ஆரணி சித்தப்பா: ரசீது இருக்கிறது. சங்கத்துச் செயலாளர் தெரிந்தவர்தான். மத்தியானம் போகிறேன்.

ராணிப்பேட்டை மாமா: தெரிந்தவர் என்று ஏற்றி எழுதச் சொல்லாதீர்கள். ஒரு பூஜ்யம் கூடினால் மொத்தத்தையும் சந்தேகப்படுவார்கள்.

ஆரணி சித்தப்பா: என் புடவைக்குப் பூஜ்யம் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை மச்சான்.

காலை 9.15

பிரபு: பெட்டி விமான நிறுவனத்தின் கையில் இருந்தது, சரி. பாதுகாப்புச் சோதனையில் நம் கண்ணெதிரே தட்டில் போடுகிறோமே, அதற்கு யார் பொறுப்பு? போன மாதம் சென்னையில் என் லேப்டாப்பை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கறுப்பு, அதே கம்பெனி. அவருடையது என் தட்டுக்கு அருகில் கிடந்தது.

செல்வி: இதை ஏன் குழுவில் சொல்லவில்லை?

பிரபு: கிடைத்துவிட்டதே. நகராமல் அங்கேயே நின்று, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரரிடம் சொன்னேன். கேமராப் பதிவைப் பார்த்து, அந்த ஆளை வாயிலில் போய்ப் பிடித்தார்கள். அவர் என்னுடையதைத் திறந்து கடவுச்சொல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம், ஏற்கவில்லை என்று கம்ப்யூட்டரைத் திட்டியபடி.

ராணிப்பேட்டை மாமா: தட்டில் வைப்பது கைப்பை சார்ந்தது. அதில் விமான நிறுவனம் தன் தவறு இருந்தால் மட்டுமே பதில் சொல்லும். அங்கே பிரபு செய்ததுதான் சரி, நின்ற இடத்திலேயே சொல்ல வேண்டும். விமானம் ஏறியபின் நினைவு வந்தால், அந்தப் படையின் இணையதளத்தில் கண்டெடுத்த பொருட்களின் பட்டியலை விமான நிலைய வாரியாகப் போடுகிறார்கள். அதைப் பார்த்து, அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம்.

செல்வி: விமான நிறுவனம் கையை விரித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம்.

காலை 11.30

ஆரணி சித்தி: அனுப்பிவிட்டேன். விமான நிறுவனத்திலிருந்து ஒரு பதிவு எண் வந்தது. சோதனை நடத்திய அமைப்புக்கு மகள் அங்கிருந்தே எழுதுகிறாள். புடவையை இப்போது அலசலாமா?

செல்வி: அலசுவதற்கு முன் சலவைக்காரரிடம் காட்டி, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தச் செலவையும் கேட்கலாம்.

குடியாத்தம் பெரியம்மா: சரி, எழுதி வாங்கிக்கொண்டு உன் சித்தப்பாவிடம் கொடு. பட்டைப் பற்றி அவனைவிடச் சலவைக்காரனுக்கு என்ன தெரியும்?

காட்பாடி அத்தை: இதையெல்லாம் படித்ததும் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் நான் டாலஸ் போகிறேன். பெட்டிக்கு நல்ல பெரிய பூட்டாக வாங்கலாம் என்று இருந்தேன் அண்ணி.

பிரபு: வேண்டாம் அத்தை. அமெரிக்காவில் சோதனை செய்யும் டி.எஸ்.ஏ. ஏற்கும் பூட்டு என்று தனியாக விற்கிறார்கள், பெரும்பாலும் சிவப்பு வைர வடிவக் குறி இருக்கும். அதற்கு அவர்களிடம் சாவி உண்டு. மற்றப் பூட்டாக இருந்தால் அவர்கள் வெட்டிவிடக்கூடும், அதற்கு இழப்பீடும் கிடையாது. பொருளுக்குச் சேதம் என்றால் அவர்களுக்கே தனியாக மனு உண்டு, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பதில் வர ஆறு மாதம்கூட ஆகலாம்.

காட்பாடி அத்தை: டாலஸில் இருக்கும் மகள் ஆற்காடு மக்கன் பேடா கேட்டிருக்கிறாள். கைப்பையில் வைத்துக்கொண்டால் யாரும் பிரிக்கமாட்டார்கள் அல்லவா?

ராணிப்பேட்டை மாமா: பாகில் ஊறியது, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பாகைப் பார்த்தால் தட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பெட்டியிலேயே போடுங்கள். பாகை வடித்துவிட்டு, அகலமான டப்பாவில், துணி இல்லாத பக்கத்தில்.

காட்பாடி அத்தை: பாகை வடித்தால் அது மக்கன் பேடாவா அண்ணா?

குடியாத்தம் பெரியம்மா: இரண்டு டப்பா வாங்கு. ஒன்றை இங்கே குடியாத்தத்தில் பாகோடு கொடுத்துவிட்டுப் போ.