ஹோல்டனின் எரிச்சலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலைப் பலர் ஐம்பது பக்கத்திலேயே மூடிவிடுகிறார்கள். பார்க்கிறவர்களையெல்லாம் போலி என்று திட்டும் ஹோல்டன் என்ற 16 வயதுப் பையனை எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? திட்டை விட்டுவிடுங்கள். பென்சிலை எடுத்து, இறந்துபோன தம்பி அலியைப் பற்றிய பேச்சு வரும் இடங்களை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். 5ஆம் அத்தியாயத்தில் அறைத்தோழனுக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தவன், பச்சை மையில் கவிதைகள் எழுதிய தம்பியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். அலி ரத்தப் புற்றுநோயில் போனது 1946 ஜூலை 18. அன்றிரவு கராஜில் படுத்த ஹோல்டன், ஜன்னல் கண்ணாடிகளை முஷ்டியால் உடைத்தான். அப்போது அவனுக்கு 13 வயது. கைக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அடக்கத்துக்கே போகவில்லை என்பதை 20ஆம் அத்தியாயத்தில்தான், அதுவும் போகிற போக்கில், சொல்கிறான். இது தெரிந்தால்தான் 25ஆம் அத்தியாயம் பிடிபடும்: நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும் காணாமல் போய்விடுவோமோ என்று பயந்து, அலியைக் கூப்பிட்டுக் கெஞ்சுகிறான், அக்கரை சேர்ந்ததும் நன்றி சொல்கிறான்.

*

மேலே சொன்னதோடு உடம்பையும் கவனியுங்க. கதை நடப்பது சனிக்கிழமை முதல் திங்கள் வரைதான். சரியான தூக்கமில்லை, ஞாயிறு இரவு மிதமிஞ்சிய குடி, குளிரில் ஈரத்தலையோடு பூங்காவில் சுற்றல். திங்கட்கிழமை டோனட் வாங்கினால் விழுங்க முடியவில்லை. மியூசியம் கழிவறையில் மயங்கி விழுகிறான். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘டீன் ஏஜ் திமிர்’ என்று முடித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

எதிர்த் தப்பும் உண்டு: நோய்ப் பெயர் ஒட்டுவது. நீடித்த துக்கக் கோளாறு என்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்ந்ததே 2022இல்தான். சிறார்களுக்கு மரணம் நடந்து குறைந்தது ஆறு மாதமாவது கழிந்திருக்க வேண்டும், அறிகுறிகள் கடைசி ஒரு மாதமாக ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். மூன்று நாள் கதையை வைத்து அதை எப்படி உறுதிசெய்வது? நாவலும் எந்தப் பெயரும் சொல்வதில்லை. கடைசி அத்தியாயத்தில், கலிஃபோர்னியாவில் அவனைப் பார்க்கும் மனப்பகுப்பாய்வாளர் கேட்பதெல்லாம் செப்டம்பரில் ஒழுங்காகப் படிப்பாயா என்பதுதான்!

*

மாணவர்களோடு படிப்பவர்களுக்கு ஒன்று. 22ஆம் அத்தியாயத்தில் ஜேம்ஸ் காஸில் என்ற பையனின் தற்கொலை வருகிறது. சாகும்போது அவன் போட்டிருந்தது ஹோல்டனிடம் வாங்கிய ஸ்வெட்டர். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பகுதியைத் தனியாகப் படிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

வகுப்பில் பேச எடுக்க வேண்டியது 9ஆம் அத்தியாயம். ஹோல்டன் நியூயார்க்கின் பென் ஸ்டேஷன் ரயில் நிலையத்தில் டெலிபோன் பூத்துக்குள் போகிறான், யாரைக் கூப்பிடலாம் என்று ஒவ்வொருவராக யோசிக்கிறான், ஏறக்குறைய இருபது நிமிடம் நின்றுவிட்டு யாரையும் கூப்பிடாமலே வெளியே வருகிறான். கொஞ்ச நேரத்தில் டாக்ஸி ஓட்டுநரிடம், குளம் உறைந்தால் சென்ட்ரல் பார்க் வாத்துகள் எங்கே போகும் என்று கேட்கிறான். அந்த ஆள் கிண்டல் என்று நினைக்கிறார். 12ஆம் அத்தியாயத்தில் இன்னொரு ஓட்டுநரிடம் அதையே கேட்கிறான். அவர் கோபத்தோடு வாத்தை விட்டுவிட்டு மீனைப் பற்றிப் பேசுகிறார்.