சட்டகத்தின் இரண்டு அளவுகள்: 'எட்டளவு', 'நிமிர்வளவு' குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

முதல் ரோடு பைக் (சாலையில் விரைந்து ஓட்டுவதற்கான மிதிவண்டி) வாங்குவோருக்கான கையேட்டுக்குச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்களில் பெரும்பகுதி கியர் உறுப்புகளைப் பற்றியே பேசியிருக்கிறது. ஷிமானோவின் கிளாரிஸ், சோரா, டியாக்ரா போன்ற வரிசைகளைப் பொதுவாகக் குறிக்க 'கியர் தொகுதி' என்று நண்பர் ஒருவர் முன்வைத்ததே போதுமானது. பெடல், செயின், டயர், டிஸ்க் பிரேக் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம். கடையில் வாய்விட்டுக் கேட்பதற்குச் சொல் இருக்கும்போது, அதன் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி வாசகரை இரண்டு முறை படிக்க வைப்பது கையேட்டின் வேலையன்று. கருத்து இருந்தும் பெயர் இல்லாத இடத்தில்தான் நாம் உழைக்க வேண்டும். சட்டகத்தின் (ஃபிரேம்) வடிவ அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று வரும் இரண்டு அளவுகள் அத்தகைய இடம் என்பது என் கருத்து.

கையில் உள்ள தொகை குறைவாக இருக்கும் ஒருவர், கியர் எத்தனை, பிரேக் எந்த வகை, சக்கரம் எவ்வளவு எடை என்று ஒப்பிட்டுப் பார்த்து, சட்டகத்தின் அளவைக் கடைசியில் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். இந்த வரிசையே தலைகீழானது. தேய்ந்த டயரைப் பிறகு மாற்றலாம், இருக்கையை மாற்றலாம், எட்டுப் பல்லடுக்குக் கியரில் தொடங்கி, பணம் சேர்ந்தபின் மேலே போகலாம். ஆனால் சட்டகத்தை ஒரு விரற்கடை அளவுக்குக்கூட நீட்டவோ குறுக்கவோ முடியாது. எனவே தொகை குறையக் குறைய, அளவின் மீதான கவனம் கூட வேண்டும்.

அளவு என்று சட்டகத்தில் ஒட்டியிருக்கும் 54, 56 போன்ற எண்கள் இதற்கு உதவுவதில்லை. மேற்குழாய் தரைக்கு இணையாக இருந்த காலத்தில் இருக்கைக் குழாயின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொன்னாலே வண்டியின் மற்ற அளவுகள் ஓரளவு விளங்கிவிடும். 1990களின் பிற்பகுதியில் மைக் பரோஸ் ஜயன்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த டிசிஆர் என்னும் ரோடு பைக், பின்னோக்கிச் சரியும் மேற்குழாயைப் பரவலாக்கிய பிறகு, இருக்கைக் குழாய் குட்டையானது. எண் மட்டும் பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று ஒரு நிறுவனத்தின் 54 இன்னொரு நிறுவனத்தின் 54 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஸ்டாக், ரீச் ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து, கைப்பிடிக்குக் கீழே சட்டகத்தின் முன்முனையில் உள்ள தலைக்குழாயின் மேல்விளிம்பு மையம் வரை செங்குத்தாக எவ்வளவு என்பது முதலாவது. அதே இரு புள்ளிகளுக்கு இடையே கிடைமட்டமாக எவ்வளவு என்பது இரண்டாவது. இருக்கை எங்கே இருந்தாலும் இவை மாறா.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ஸ்டாக் என்பதற்கு 'அடுக்கு' என்று வந்த பரிந்துரையை நான் ஏற்கவில்லை. இங்கே எதுவும் அடுக்கப்படவில்லை. கணினித் துறையில் அந்தச் சொல் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. 'உயரம்' என்றால் இருக்கையின் உயரமா, கால் விரித்து நிற்கும்போது மேற்குழாய் இருக்கும் உயரமா என்ற குழப்பம் அட்டவணையின் முதல் வரியிலேயே தொடங்கும். 'ஏற்றம்' ஓசைக்கு நன்று. ஆனால் மேட்டுச் சாலையை ஏற்றம் என்றே மிதிவண்டி ஓட்டுவோர் எல்லாரும் சொல்கிறார்கள், அவர்களிடமிருந்து அதைப் பறிக்க முடியாது. 'தலையுயரம்' துல்லியமானதுதான், என்றாலும் புதியவர் அதைத் தம் தலையின் உயரம் என்று படித்துவிடுவார் என அஞ்சுகிறேன்.

நான் முன்வைப்பது 'நிமிர்வளவு'. இந்த அளவு கூடினால் கைப்பிடி மேலே வருகிறது, ஓட்டுபவரின் முதுகு நிமிர்கிறது. குறைந்தால் குனிய வேண்டியிருக்கிறது. நிமிர்வு ஓட்டுபவரின் தன்மையே தவிரச் சட்டகத்தின் தன்மை அன்று என்று சிலர் மறுக்கக்கூடும். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வாங்கப்போகிறவர் அந்த எண்ணைப் பார்ப்பதே தம் முதுகுக்கு என்ன நேரும் என்று அறிவதற்காகத்தான் என்பதால், விளைவைக் கொண்டு பெயரிடுவதில் பிழையில்லை.

ரீச் என்பதற்கு 'வீச்சு' வேண்டாம்; இயற்பியலில் அது ஏற்கெனவே பணியில் இருக்கிறது. 'எட்டம்' தொலைவையும் விலகலையும் நினைவூட்டுகிறது. 'எட்டளவு' என்பதில் எட்டுதல் என்னும் வினை அப்படியே கேட்கிறது. பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டவர்களுக்குக் கால் எட்டாத வண்டி எப்படியிருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கை எட்டாத வண்டியைச் சொல்லத்தான் இதுவரை சொல் இல்லை.

இரண்டையும் ஒருசேரப் படிக்க வேண்டும் என்பதைக் கையேடு வலியுறுத்த வேண்டும். 54 என்றே பெயரிடப்பட்ட இரண்டு சட்டகங்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்றில் நிமிர்வளவு 545 மில்லிமீட்டர், எட்டளவு 385. மற்றொன்றில் 575, 375. நிமிர்வளவை எட்டளவால் வகுத்தால் முதலாவது 1.42, இரண்டாவது 1.53 எனக் கிடைக்கிறது. முன்னது பந்தயத்துக்குக் குனிந்து ஓட்டும் வகை, பின்னது நெடுந்தொலைவுக்கு ஏற்ற வகை. எட்டளவில் வேறுபாடு வெறும் 10 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். முதல் சட்டகத்தில் ஸ்டெம்முக்கு (கைப்பிடியைப் பிடித்திருக்கும் இணைப்பு) கீழே 30 மில்லிமீட்டர் உயரத்துக்கு இடைவளையங்களைப் போட்டால், தலைக்குழாய் தரையோடு ஏறத்தாழ 73 பாகைக் கோணத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கைப்பிடி மேலே போகும்போதே 9 மில்லிமீட்டர் பின்னாலும் வருகிறது. ஆக 574, 376 என்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன.

அப்படியானால் எதையும் வாங்கி வளையம் போட்டுக்கொள்ளலாமா என்றால், பழைய வண்டி வாங்குபவருக்கு இங்கேதான் சிக்கல் இருக்கிறது. முதல் உரிமையாளர் கைப்பிடியைத் தாழ்த்திக்கொள்வதற்காக முன்கவையின் தண்டை (தலைக்குழாய் வழியே மேலே வந்து ஸ்டெம்மைத் தாங்குவது) அறுத்திருந்தால், மேலே வளையம் போட இடமே இராது. ஸ்டெம்முக்கு மேல் மூடி நேரடியாக உட்கார்ந்திருக்கும், கீழேயும் வளையம் இராது. கியர் வழுவழுப்பாக மாறுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். கார்பன் தண்டாக இருந்தால், எவ்வளவு உயரத்துக்கு வளையம் போடலாம் என்பதற்கு நிறுவனம் ஒரு வரம்பும் வைத்திருக்கும்.

பழைய வண்டிக்குப் பெரும்பாலும் அட்டவணையும் கிடைக்காது. அளவெடுப்பது எளிது என்பதால் அதையும் கையேட்டில் சேர்க்கலாம். இரண்டு டயரிலும் காற்று நிரப்பி, சமதளத்தில் பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நேராக நிறுத்த வேண்டும். தரையிலிருந்து கிராங்க் அச்சின் மையம் வரையும், தரையிலிருந்து தலைக்குழாயின் மேல்விளிம்பு வரையும் அளந்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் நிமிர்வளவு. தரைக்குப் பதிலாகச் சுவரிலிருந்து அதே இரு புள்ளிகளை அளந்து கழித்தால் எட்டளவு. நாடாவைச் சரித்துப் பிடித்தால் சில மில்லிமீட்டர் பிசகும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டால் நல்லது.

'பயனுறு மேற்குழாய் நீளம்' என்ற சொல்லை முதன்மை அளவாக வைக்க வேண்டும் என்ற கருத்தோடு மட்டும் உடன்பட முடியவில்லை. சொல்லில் குறையில்லை. ஆனால் தலைக்குழாயின் மேல்விளிம்பிலிருந்து இருக்கைக் குழாயின் கோடு வரை கிடைமட்டமாக அளக்கும் அந்த நீளம் இருக்கைக் குழாயின் சாய்வைப் பொறுத்தது. எட்டளவும் நிமிர்வளவும் ஒன்றாக உள்ள இரு சட்டகங்களில் ஒன்றின் சாய்வு 73 பாகை, மற்றதன் சாய்வு 74 என்றால், மேற்குழாயின் அளவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேறுபடும்; இருக்கையை அதன் தண்டவாளத்தில் சற்று நகர்த்தினால் இரண்டும் உடலுக்கு ஒன்றே. அட்டவணையில் அது மூன்றாவது வரியில் இருக்கட்டும்.

'நிமிர்வளவு' என்பதன் மீது மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு, அதை வைத்து வாங்குபவருக்குச் சொல்லக்கூடிய ஒரு முழு வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள். "உங்களுக்கு இடுப்பு வலி உண்டென்றால் நிமிர்வளவு கூடிய சட்டகத்தைப் பாருங்கள்" என்பது என்னுடையது.

அன்புடன்.