கிம்ப்பில் ஜிஃப்: சுடரின் விளிம்பு கெடுகிறது, உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண அழைப்புக்காக கிம்ப் 2.10 என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு குத்துவிளக்கு ஜிஃப் (அசையும் படம்) செய்து வருகிறேன். மொத்தம் 24 லேயர் (அடுக்கு), ஒவ்வொன்றும் ஒரு பிரேம். சுடர் மட்டும் அசையும், பின்னணி டிரான்ஸ்பரன்ட்.

முதலில் லேயர் பெயர்களில் அடைப்புக்குறிக்குள் 'கம்பைன்' என்று இருந்தது. பழைய சுடர் அழியாமல் அதன் மேலேயே புதுச்சுடர் விழுந்து, நாலைந்து பிரேமில் வெறும் மஞ்சள் திட்டாகிவிட்டது. எல்லாவற்றையும் 'ரீபிளேஸ்' என்று மாற்றியதும் அது சரியானது.

இப்போது சிக்கல் விளிம்பில். கிம்ப்பில் சுடரின் நுனி மெல்லக் கரைந்து அவ்வளவு அழகாக இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்ததும் பல்பல்லாக வெட்டுப்படுகிறது. ஜிஃப்பில் ஒரு புள்ளி ஒன்று முழுதாகத் தெரியும், இல்லை முழுதாக மறையும். பாதி என்பதே கிடையாது என்பது தெரியும். பாதி தெரியும் புள்ளிகளை ஒரு பின்னணி நிறத்தோடு கலந்துவிடும் 'செமி ஃபிளாட்டன்' வசதியை வெள்ளை நிறம் வைத்துப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் அருமை. கறுப்புத் திரையில் சுடரைச் சுற்றி வெள்ளைக் கோடு. இரண்டு பின்னணிக்கும் பொருந்துகிற மாதிரி எந்த நிறத்தை வைத்துக் கலப்பது? வெப்பி (WebP) என்ற வேறு பட வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்தால் விளிம்பு சுத்தமாக வருகிறது, ஆனால் அத்தையின் பழைய போனில் படம் அசையவே இல்லை. அவர் பார்க்காமல் எப்படி?

அப்புறம் இன்னொன்று. கீழே இருவர் பெயரையும் எழுதினால் அந்த எழுத்து லேயர் தனி பிரேமாகி ஒரு நொடி மின்னி மறைகிறது. எழுத்தை நகலெடுத்து ஒவ்வொரு பிரேமோடும் மெர்ஜ் டவுன் (கீழ் லேயரோடு ஒன்றாக்குவது) செய்தால் சரியாக வருகிறது. ஆனால் எழுத்தில் சின்னத் திருத்தம் என்றாலும் 24 முறை திரும்பச் செய்ய வேண்டும். ஒரேயடியாகச் செய்ய பைத்தான் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.