எச்-4 மகளுக்கு டெக்சாஸில் இன்-ஸ்டேட் கட்டணம் கிடைக்குமா?

புதுக்குடி:
வரும் ஜூலையில் நியூ ஜெர்ஸியிலிருந்து டெக்சாஸுக்குக் குடிமாறுகிறோம். நான் எச்-1பி வேலை விசா, மகள் அதைச் சார்ந்த எச்-4 விசா. அவள் பன்னிரண்டாம் வகுப்பு அங்கே படித்து, அடுத்த ஆகஸ்டில் கல்லூரி சேர்வாள். வாடகை வீடுதான். இன்-ஸ்டேட் கட்டணத்துக்கு (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கல்லூரிக் கட்டணம்) என்ன செய்து வைக்க வேண்டும்?

கணக்கர்:
வழி இருக்கிறது. 36 மாதம் அங்கேயே வசித்துப் பள்ளி முடிக்கும் பாதை உங்களுக்கு ஒத்துவராது. பெற்றோரின் குடியிருப்பை வைத்துத்தான் கேட்க வேண்டும்: சென்சஸ் தேதிக்கு (கல்லூரி மாணவர் கணக்கெடுக்கும் நாள்) 12 மாதம் முன்பே தொடங்கி, இடையில் விடாமல். வழக்கமான செமஸ்டரில் அந்தத் தேதி 12ஆவது வகுப்பு நாள், அதாவது செப்டம்பர் முதல் பாதி. ஜூலையில் வந்தால் கணக்கு சரி. அக்டோபருக்குத் தள்ளினால் முதல் செமஸ்டர் போச்சு.

வாடகை ஒப்பந்தம் துணை ஆவணம்தான். சொந்த வீடு இல்லாதவருக்கு வேலைதான் பிடிமானம்: டெக்சாஸில் வேலை தொடங்கிய தேதியோடு கம்பெனிக் கடிதம், 12 மாத பே ஸ்டப் (சம்பளச் சீட்டு). பலர் இடறுவது இங்கேதான். ஆள் வந்துவிடுவார், பேரோலில் (கம்பெனியின் சம்பளப் பதிவில்) முகவரி நியூ ஜெர்ஸியாகவே கிடக்கும், அந்த மாநில வரியும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை என்பதால் அது பளிச்சென்று தெரியும். வந்த வாரமே மாற்றுங்கள். நியூ ஜெர்ஸி பகுதி ஆண்டு ரிட்டர்னில் போடும் தேதியும் கடிதத் தேதியும் முரண்படக் கூடாது.

தெற்குவாசல்:
வண்டிப் பதிவுக்கு 30 நாள், லைசென்ஸுக்கு 90 நாள் கெடு. லைசென்ஸ் படிவத்தில் வாக்காளராகப் பதியவா என்று கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவர் "வேண்டாம்" என்றே குறிக்க வேண்டும். குடியிருப்புக்குச் சான்றாகுமே என்று டிக் அடித்தால் கிரீன் கார்டே சிக்கலாகிவிடும்.

புதுக்குடி:
கல்லூரி விண்ணப்பம் அக்டோபரில். அப்போது 12 மாதம் ஆகியிருக்காதே?

கணக்கர்:
ஆகாது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வெளிமாநிலம் என்றுதான் முதலில் குறிப்பார்கள். 12 மாதம் முடிந்ததும் குடியிருப்பு விவரம் கேட்கும் கோர் ரெசிடென்சி கேள்விப் படிவத்தை ஆவணங்களோடு கொடுத்து, சென்சஸ் தேதிக்குள் மாற்றச் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
இன்னொரு கதவும் உண்டு. பல்கலைக்கழகம் போட்டி முறையில் தரும் உதவித்தொகை 1,000 டாலராவது கிடைத்தால், வெளிமாநிலக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய டெக்சாஸ் சட்டம் இடம் தருகிறது. எல்லாக் கல்லூரியும் தருவதில்லை, கேட்டுப் பாருங்கள். மகளுக்கு 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணம் என்னாகும் என்று ரெசிடென்சி அலுவலரிடம் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.