புதுப்பிப்பு: தொட்டி சுத்தம் செய்ய ஆள் வைத்துவிட்டேன்

மதுரையில் தனியாளாகத் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிறேன், துணைக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகுமா என்று இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். முதலில் நாள் கூலிக்கு வைத்துப் பாருங்கள் என்றீர்கள். அப்படியே செய்தேன்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வாரத்தில் நான்கு நாள் வருகிறார். நாளுக்கு 800 ரூபாய், மதியச் சாப்பாடு என் பொறுப்பு. தனியாக இரண்டு வீடு முடித்த நாளில் இப்போது நான்கு முடிகிறது. வீட்டுக்கு 900 ரூபாய் வாங்குவதால் கூலி, பெட்ரோல், பிளீச்சிங் பவுடர் போகவும் முன்பைவிடக் கூடுதலாகவே நிற்கிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது பணமல்ல. நெடுநாள் மூடிக் கிடந்த நிலத்தடித் தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்திருக்கும். போன மாதம் அப்படி ஒன்றில் இறங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. மேலே நின்ற அண்ணன்தான் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இத்தனை நாள் தனியாக இறங்கியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. இனி மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்ட பிறகே இறங்குகிறோம்.

அவருக்கு நான் முதலில் சொன்னது, பிளீச்சிங் பவுடருடன் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும் என்பதுதான்.

கழிவுநீர்த் தொட்டி வேலைக்கும் அழைப்பு வந்தது, மறுத்துவிட்டேன். பாதுகாப்புக் கவசமின்றி அதில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

அடுத்த மாதம் முதல் அண்ணனை ஆறு நாளும் வரச் சொல்லியிருக்கிறேன்.