மாத்திரையை நிறுத்திய பின் கொடுங்கனவும் உடல் அமுங்கலும்: தம்பிக்காகக் கேட்கிறேன்

கேள்வி – காசிமேட்டு அக்கா

வணக்கம். காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு இருபத்து நான்கு வயது. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்த மீன் பெட்டிகளை வண்டியில் ஏற்றும் வேலை செய்கிறான். ஐஸ் நிரப்பிய பெட்டியைத் தூக்கும்போது சென்ற ஆண்டு அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் டபென்டடால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டில் எழுதிய நாட்கள் முடிந்த பிறகும் அவன் அதை வேறு வழியில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குப் பல மாதங்கள் கழித்தே தெரியவந்தது.

யாரும் கட்டாயப்படுத்தாமல், அவனாகவே அண்மையில் அதை நிறுத்திவிட்டான். முதலில் மூக்கு ஒழுகல், ஓயாத கொட்டாவி, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல் என்று துடித்தான். அவை ஒருவாறு அடங்கிவிட்டன. இப்போதைய தொல்லை உறக்கம்தான். கண்ணை மூடினால் யாரோ துரத்துவதாகவும் கடலில் தள்ளுவதாகவும் கனவு வருகிறது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மல்லாந்து படுத்திருப்பான், கண்கள் திறந்திருக்கும், கையோ காலோ அசையாது. நான் அருகில் போய்ப் பெயரைச் சொல்லி அழைத்தால் விழிகள் மட்டும் என் பக்கம் திரும்பும், ஓரத்தில் கண்ணீர் வழியும், தொண்டையிலிருந்து முனகல்கூட வராது. சற்று நேரத்தில் திடுக்கென்று மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஈர வலையைப் போர்த்திய ஓர் உருவம் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது என்கிறான்.

அம்மா இதை அமுக்குவான் பேய் என்று நம்பி, தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தம்பியோ படுக்கவே பயந்து, வேலைக்குப் போகும் நேரம்வரை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரே ஒரு மாத்திரை போட்டால் கனவில்லாமல் தூங்கிவிடுவேன் என்று நேற்று சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. இது அந்த மாத்திரையால் வந்ததுதானா? எவ்வளவு காலம் நீடிக்கும்? சாதாரணத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – மனநலச் செவிலியர், புளியந்தோப்பு

சகோதரி, அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் தம்பியை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும் என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது ஸ்லீப் பாராலிசிஸ் எனப்படும் தூக்க முடக்கத்தோடு அப்படியே பொருந்துகிறது. அதனால் முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தாலே பாதி பயம் விலகும்.

உறக்கத்தில் ஓர் இரவுக்குப் பலமுறை ரெம் என்றொரு கட்டம் வந்து போகிறது. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். கனவில் ஓடுகிறவன் படுக்கையிலிருந்தும் எழுந்து ஓடிவிடாதபடி, மூளைத்தண்டு அந்த நேரத்தில் கை கால் தசைகளுக்குப் போகும் கட்டளையைத் தடுத்து வைக்கிறது. விழிகளை அசைக்கும் தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் அந்தத் தடைக்கு உட்படுவதில்லை. உங்கள் குரலைக் கேட்டு அவன் விழிகள் மட்டும் திரும்பியதற்குக் காரணம் இதுதான். விழிப்பு முந்திக்கொண்டு வந்து, தசைகளின் தடை விலகச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ தாமதமானால் அதுவே தூக்க முடக்கம். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளர்ந்திருப்பதால் வேண்டுமென்றே ஆழமாக மூச்சிழுக்க முயன்றாலும் வராது. மார்பில் பாரம் ஏறியதாகத் தோன்றுவது அதனால். கனவு இன்னும் பாதி ஓடிக்கொண்டிருப்பதால் அந்தப் பாரத்திற்கு ஓர் உருவமும் கிடைத்துவிடுகிறது. மீன்பிடித் துறைமுகத்தில் உழைப்பவனுக்கு அது ஈர வலையோடு வருவதில் வியப்பில்லை. மாத்திரையே தொடாதவர்களிலும் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்கிறது.

இனி மாத்திரைக்கு வருகிறேன். டபென்டடால், டிரமடால், மார்ஃபின், ஹெராயின் எல்லாம் அபின் வகையைச் சேர்ந்தவை. இவை தரும் மயக்கத்தை உறக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இவை ரெம் உறக்கத்தையும் ஆழ்ந்த உறக்கத்தையும் குறைத்துவிடுகின்றன. மாதக்கணக்கில் அடக்கி வைக்கப்பட்ட ரெம், மாத்திரை நின்றதும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் திரும்பி வருகிறது. இதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. உடலை விழிப்போடும் பதற்றத்தோடும் வைக்கும் நோரட்ரினலினை மூளைக்கு வழங்குவது அதுதான். மருந்து அதை அமுக்கி வைத்திருந்தது. மருந்து நின்றதும் அது கட்டின்றி வேலை செய்கிறது. படபடப்பு, வியர்வை, அடிக்கடி திடுக்கிட்டு விழிப்பது எல்லாம் அதன் விளைவு. ஒருபுறம் கனவு உறக்கம் மிகுந்து, மறுபுறம் உறக்கம் அடிக்கடி கலைந்தால், விழிப்பும் கனவும் ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பு பெருகத்தானே செய்யும். நள்ளிரவு கடந்ததும் வேலைக்குப் போய்ப் பகலில் துண்டு துண்டாக உறங்கும் வழக்கமும் இதைத் தூண்டும்.

உடல் தொல்லைகள் பொதுவாக ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை எட்டி, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். உறக்கம் சீராக வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்களும் ஆகும்.

ஒரே ஒரு மாத்திரை என்ற பேச்சுக்கு அழுத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். அதைப் போட்டால் அன்றிரவு அவன் கனவில்லாமல் தூங்கிவிடக்கூடும். அவன் சொல்வது பொய்யில்லை, அதில்தான் ஆபத்தே இருக்கிறது. நிறுத்தியிருந்த நாட்களில் மருந்தைத் தாங்கும் பழக்கம் உடலுக்குக் குறைந்துவிட்டது. முன்பு போட்ட அளவையே இப்போது போட்டால் மூச்சு மெலிந்து நின்றுபோகலாம். மீண்டும் தொடங்குகிற முதல் நாளிலேயே உயிரை இழப்பவர்கள் இருக்கிறார்கள். கனவும் முடக்கமும் எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் அவனுடைய மூச்சை நிறுத்துவதில்லை, மாத்திரை நிறுத்தும். அவனிடம் இந்த ஒரு வித்தியாசத்தை மட்டுமாவது அமைதியாகச் சொல்லுங்கள்.

கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அபின் வகை மருந்தோடு அது சேர்ந்தால் மூச்சு இரட்டிப்பாகத் தளரும். மதுவுக்கும் இதே விதிதான். மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன: படபடப்பைத் தணிக்கக் குளோனிடின் தரலாம், ஏக்கம் அடங்காதவர்களுக்குப் புப்ரினார்ஃபின் தந்து நிலைப்படுத்தலாம், கொடுங்கனவுக்குப் பிரசோசினைச் சிலருக்குப் பரிந்துரைப்பதும் உண்டு. இவற்றில் சில இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை, புப்ரினார்ஃபினைத் தவறான நேரத்தில் தொடங்கினால் தொல்லைகள் ஒரேயடியாகக் கிளம்பும். ஆகவே எதையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். வலி மாத்திரையோடு நைட்ரஜெபாம் போன்ற தூக்க மாத்திரையும் போட்டிருந்தானா? மாத்திரை போட்ட காலத்தில் உறக்கத்தில் குறட்டை நின்று, மூச்சே இல்லாததுபோல் இடைவெளி விழுந்ததா?

பதில் – வியாசர்பாடிக்காரன்

அக்கா, நானும் இதே மாத்திரையிலிருந்து மீண்டவன். சிகிச்சை எடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவ விளக்கத்தைச் செவிலியர் அம்மா சொல்லிவிட்டார். படுக்கையில் கிடப்பவனுக்கு எது உதவும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முடக்கம் வந்தால் முழு உடலையும் உலுக்கி எழ முயலக் கூடாது. முயல முயல மார்பு இறுகுவதுபோல் தோன்றிப் பயம் கூடும். கால் பெருவிரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பார்க்க வேண்டும். மூச்சு தானாகப் போய் வருவதைக் கவனித்துக்கொண்டு, இது போய்விடும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும் என்று எனக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவர் சொன்னார். ஒருக்களித்துப் படுத்து, முதுகுப் பக்கம் தலையணையை முட்டுக் கொடுத்தது எனக்குப் பலன் தந்தது. நீங்கள் அருகில் இருந்தால் தம்பியின் தோளைத் தொட்டு மெல்லப் பேசுங்கள். பலருக்குத் தொட்டதும் விலகிவிடும்.

கனவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். துரத்தும் கனவுகள் குறைந்த பிறகு வேறு வகைக் கனவு வரும்: மாத்திரையை வாங்குவது, அட்டையைப் பிதுக்குவது, வாயில் போடுவது. விழித்ததும் உண்மையாகவே போட்டுவிட்டோமோ என்று நெஞ்சு பதறும், குற்றவுணர்வில் ஒருநாள் முழுக்கப் பேச்சு வராது. மீண்டு வருகிற பலருக்கும் இது வரும் என்று மறுவாழ்வு மையத்தில் சொல்லித் தந்தார்கள். இதைத் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாமல் அந்தக் கனவைக் கண்டவர்கள், மனம் இன்னும் அதைத்தான் கேட்கிறது போலிருக்கிறது என்று சோர்ந்து திரும்பப் போய்விடுகிறார்கள்.

திரும்பத் திரும்ப வரும் கனவைப் பகலில் ஒரு தாளில் எழுதி, அதன் முடிவை நமக்குப் பிடித்தபடி மாற்றி, அந்த மாற்றிய கதையைத் தினமும் சற்று நேரம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. உளவியல் ஆலோசகர்கள் கற்றுத் தருவார்கள். கடலில் தள்ளப்படும் கனவில் நான் நீந்திக் கரையேறுவதாக எழுதினேன். உடனே பலிக்கவில்லை; ஆனால் நாளாக நாளாகக் கனவின் வேகம் தணிந்தது. தம்பிக்கு எழுத விருப்பமில்லை என்றால் உங்களிடம் வாயால் சொல்லட்டும்.

அம்மாவோடு கயிற்றுக்காகச் சண்டை போடாதீர்கள். கயிறு கையில் இருந்தபடியே மருத்துவமனைக்குப் போகலாம்.

கேட்டவர் – காசிமேட்டு அக்கா

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். விலா எலும்புத் தசைகளைப் பற்றிய பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னான். நைட்ரஜெபாம் பற்றிக் கேட்டதற்கு, அதையும் சேர்த்துப் போட்டதாகவும், இன்னும் சில மாத்திரைகள் கையில் இருப்பதாகவும், அதையும் இன்றே தூக்கி எறிந்துவிடுவதாகவும் சொல்கிறான். மூச்சைப் பற்றி அம்மாதான் நினைவுகூர்ந்தார். அவன் குறட்டை திடீரென்று நின்று, அம்மா எழுந்து போய் உலுக்கியது உண்டாம். மருத்துவமனைக்கு வரச் சம்மதிக்கிறான், ஆனால் காவல்துறைக்குச் செய்தி போய்விடும் என்று தயங்குகிறான்.

பதில் – மனநலச் செவிலியர், புளியந்தோப்பு

நைட்ரஜெபாமைத் தொடர்ந்து போட்டவர் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். அபின் வகையை நிறுத்துவது பெரும் வேதனை, தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்துத் தருவார். ஆகவே மீதியை எறிய வேண்டாம், தம்பி கையிலும் விட வேண்டாம். நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு நாளைக் காலையே அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. அதற்கு முன் பேச வேண்டுமானால் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். காலியான மாத்திரை அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்; எதை, எவ்வளவு போட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால்தான் சரியான அளவைத் தீர்மானிக்க முடியும். மூச்சு நின்று வந்ததையும் சொல்லுங்கள். அபின் வகை மருந்துகள் மூச்சுக்கான மூளைக் கட்டளையையே தளர்த்துவதால் அப்படி நேரக்கூடும்.

இன்றிரவு யாராவது உடன் படுங்கள். வலிப்பு, காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, நன்றாக விழித்திருக்கும்போதே உருவங்கள் தெரிவது, எழுப்பினாலும் எழாமை, உதடு நீலம் பாய்வது: இவற்றில் எது வந்தாலும் தூக்க முடக்கம் என்று எண்ணிக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

பதில் – வண்ணாரப்பேட்டை வழக்கறிஞர்

காவல்துறை பற்றிய தயக்கத்திற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 23ஆம் பிரிவின்படி சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. போதைப்பொருள் சட்டம் 1985இன் 64ஏ பிரிவு இன்னும் ஒரு பாதுகாப்பைத் தருகிறது: பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கே வந்திருந்தாலும்கூட, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெற இடமிருக்கிறது. விற்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மருத்துவமனையில் கொடுக்கும் புறநோயாளிச் சீட்டையும் மருந்துச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். சிகிச்சையில் இருக்கிறார் என்பதற்கு அவையே சான்று.